மூச்சு வாங்காத அறுபது பேர்

போன்ல அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க சார். நிறுத்த மனசு வரலன்னா காதுல மாட்டிக்கிட்டாவது கேளுங்க. கோவிச்சுக்காதீங்க. திசையன்விளையில பஸ் ஏறினதிலிருந்து மூணு தடவை போட்டுட்டீங்க. எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வருது. மடியில அசனச் சோறு வேற இருக்கு, தூக்குவாளி மேலேயே எடுத்துருவேன்.

என்ன? நல்லாத்தானே பாடுறாங்கன்னா? பாடலன்னு யாரு சொன்னா? பாடுறாங்க. அறுபது பேர். அதுல ஒருத்தர்கூட எங்க ஊர் கிடையாது. நம்ம நாடே கிடையாது. தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது அவங்களுக்கு. இன்னைக்குத்தான் வெளிய விட்டாங்க. கீழ 'தயாபுரம் பாடகர் குழு'ன்னு போட்டிருக்கா? போட்டிருக்கும். அதை டைப் பண்ணினதே நான்தான்.

நெசமாத்தான் சொல்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது சார். அதனாலதான் பள்ளிக்கூடமே போச்சு. லீவ் லெட்டர்ல எல்லாவனும் காய்ச்சல்னு எழுதுவான். நான் 'வர விருப்பமில்லை'ன்னு எழுதிக் கொடுத்தேன். மிஸ் அதைப் பிரேயர்ல நிக்க வச்சு வாசிச்சாங்க. மறுநாளும் விருப்பமில்ல. பிளஸ் டூ அப்படியே நின்னுபோச்சு. எங்கம்மா மூணு நாள் பேசல. நாலாவது நாள், "பொய்யாவது எழுதியிருக்கலாம்லலே"ன்னா. அப்படிச் சொல்ற அம்மா எந்த ஊர்லயாவது இருப்பாளா?

இப்ப ஸ்டான்லி அண்ணன் ஸ்டுடியோவுல இருக்கேன். கல்யாண வீடியோ, காதுகுத்து ஆல்பம், அப்புறம் பாட்டு ரெக்கார்டிங். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டின ஒரு ரூம், ஒரு கம்ப்யூட்டர். அண்ணன் கேமராவைத் தூக்கிட்டுப் போயிருவார். கம்ப்யூட்டர் என் கையில.

எங்க கோயிலுக்கு, அதான் சர்ச்சுக்கு, இது நூத்தி இருபத்தஞ்சாவது பிரதிஷ்டைப் பண்டிகை. இன்னைக்குக் காலைலதான் ஆராதனை, மத்தியானம் அசனம், ஊருக்கே கறிச்சோறு. இந்த வாளி வள்ளியூர்ல இருக்கிற எங்க சித்திக்கு. ஆட்டுக்கறிக் குழம்பு. மூடி சரியா நிக்கல, உங்க வேட்டியில படாமப் பாத்துக்கிடுங்க.

சபைச் செயலர் ஜெயசீலன் அண்ணாச்சி. சட்டைப் பையில மூணு பேனா வச்சிருப்பார், ஒண்ணுல கூட மை இருக்காது. பண்டிகைக்கு வர்ற பேராயர் முன்னால ஒரு பாட்டு வெளியிடணும்னு அவருக்கு ஆசை. எழுத ஆள் தேடல. அவரே எழுதிட்டார்.

நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் நடத்தினீரே
நூறு நாவால் நன்றி சொல்வோம் நாதனே

நூறு நாவு எங்க இருக்கு? எங்க கொயர்ல இருக்கிறது மொத்தம் ஒன்பது நாக்கு. படிச்சவன் சென்னைக்குப் போயிட்டான், படிக்காதவன் கல்ஃபுக்குப் போயிட்டான். மிச்சம் இருக்கிறதுதான் ஒன்பது பேர்.

அதுல நவமணி பெரிம்மாவைச் சொல்லியே ஆகணும். எந்தப் பாட்டானாலும் மத்தவங்க மூச்சு இழுக்கும்போதே அவ ஆரம்பிச்சிருவா. அரைத் தாளம் முன்னால போய் நின்னு, என்னடா யாரையும் காணோமேன்னு திரும்பிப் பாப்பா. பரலோகத்துக்கும் அப்படித்தான் போவா. அப்புறம் ஞானையா அண்ணாச்சி. அடித்தொண்டை. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் ஒரு 'ம்ம்' போடுவார். பாட்டே முடிஞ்சிருக்கும், அவர் 'ம்ம்' முடிஞ்சிருக்காது. இந்த ரெண்டு பேர் போதும். மத்தவங்களும் இதே லட்சணம்தான்.

அப்புறம் எங்கம்மா. ரோசலின்.

எங்கம்மா இருபது வருஷமா கொயர். தனிப்பாட்டுன்னா அவதான். ஒரு உயர்ந்த சுரத்துக்குப் போகணும்னா நேரா போய் ஏற மாட்டா. கீழேயிருந்து வழுக்கிக்கிட்டே போய், கடைசி நிமிஷம் டக்குனு நிப்பா. அது அவ பழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்ல. சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. எனக்கு சங்கீதம் பிடிக்காது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால கழுத்துல கட்டின்னு தைராய்டு ஆபரேஷன் பண்ணினாங்க. கட்டி போச்சு. குரலும் போச்சு. பேச்சு வருது, பாட்டு வரல. சிமெண்ட் தரையில பாத்திரத்தை இழுத்தா ஒரு சத்தம் வருமே, அது வருது. ஆறு மாசத்துல சரியாகும்னு டாக்டர் சொன்னார். அதுக்கப்புறம் டாக்டரும் சொல்றதை விட்டுட்டார். அவ விடல. தினமும் காலைல ஆவி பிடிப்பா. அடுப்படியில கதவைச் சாத்திக்கிட்டு ஆ ஆ-ன்னு பழகுவா. நான் பாயில படுத்துக்கிட்டுத் தலையணையைக் காதுல அமுக்கிக்குவேன். கேக்க முடியாது சார், அவ்வளவு கண்றாவி.

செயலருக்கு அவளைக் கொயரை விட்டு எடுக்கணும். மூஞ்சிக்கு நேரா சொல்லத் தைரியம் கிடையாது. கமிட்டியில பேசிட்டு வந்து, "பண்டிகை முடியட்டும் ரோசலின். அப்புறம் அங்கியைத் துவைச்சுக் கொடுத்துரு. வேற ஒரு பிள்ளைக்கு ஆகும்"னார். அங்கின்னா கொயர்ல போடுற வெள்ளை அங்கி. வேற எந்தப் பிள்ளை? ஒரு பிள்ளையும் கிடையாது ஊர்ல. அம்மா, "சரி அண்ணாச்சி"ன்னா. அன்னைக்கே அந்த அங்கியை எடுத்து நீலம் போட்டு அலசிக் காயப்போட்டா. கொடுக்கச் சொன்னது பண்டிகைக்கு அப்புறம், இவ ரெண்டு மாசம் முன்னாடியே அலசுறா. எனக்கு வந்த எரிச்சல் இருக்கே!

ரெக்கார்டிங்குக்கு ஒன்பது பேரும் ஸ்டுடியோவுக்கு வந்தாங்க. முட்டை அட்டையைப் பாத்து நவமணி பெரிம்மா, "இத்தனை முட்டையையும் யாருலே தின்னது?"ன்னு கேட்டா. ரெண்டு நாள் பாடினாங்க. பெரிம்மா முந்தினா, ஞானையா அண்ணாச்சி முடிக்கல. அம்மா ஓரத்துல நின்னா. செயலர் என்கிட்ட வந்து காதுல, "உங்கம்மா பக்கம் மைக்கை வைக்காதலே"ன்னார். நான் வச்சேன். எங்கம்மாங்கிறதால இல்ல, வந்து நிக்கிற ஆளுக்கு மைக் வைக்கிறது என் வேலை.

மூணாவது நாள் செயலர் வந்து கேட்டார். கண்ணை மூடிக்கிட்டே கேட்டார். முடிஞ்சதும் ஸ்டான்லி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இதையா ஸ்டான்லி, பேராயர் கேக்கப்போறாவ?"

ஸ்டான்லி அண்ணன் சிரிச்சார். "அண்ணாச்சி, வேற வழி இருக்கு. ரெக்ஸு, அதைப் போட்டுக் காட்டு"ன்னு என்னைப் பாத்தார்.

அதுன்னா ஒரு சாஃப்ட்வேர். எப்படின்னா, எங்கேயோ ஒரு நாட்டுல, ஒரு பெரிய ஹால்ல, அறுபது பேரை நிக்க வச்சு ஆ, ஈ, ஓ, ம, த, ர-ன்னு ஒவ்வொரு சத்தமா, ஒவ்வொரு சுரத்துலயும் பாட வச்சுப் பதிஞ்சு வச்சிருக்கான். நாம வார்த்தையை உடைச்சு உடைச்சு டைப் பண்ணணும். இங்க்லீஷ் எழுத்துல. எந்தச் சத்தம் எவ்வளவு நேரம், எது எதுக்குள்ள கலக்கணும்னு கோடு வரையணும். பட்டனை அமுக்கினா அறுபது பேரும் அதைப் பாடுவாங்க. எதைக் கொடுத்தாலும் பாடுவாங்க. நான் முதல்ல 'ஸ்டான்லி அண்ணன் சம்பளம் தா'ன்னு டைப் பண்ணிப் பாத்தேன். சாமி பாட்டு மாதிரியே உருகிப் பாடினாங்க. அப்பவே ஒரு அருவருப்பு வந்திருச்சு சார். இவங்களுக்கு எதுவும் தெரியல. வாயத் திறன்னா திறக்கிறாங்க.

பதினோரு நாள் மத்தியானம் மத்தியானமா உக்காந்தேன். 'நூற்றிருபத்தைந்து' ஒண்ணுக்கே ஒரு முழு மத்தியானம். ஒரு மனுசன் பாட்டுல போடுற வார்த்தையா அது? ற்-றி-ரு வர்ற இடத்துல அறுபது பேரும் தண்ணி கொப்புளிச்சாங்க. செயலருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, 'பல ஆண்டுகள்'னு மாத்திரட்டுமா?"ன்னேன்.

"போன வருஷமும் பல ஆண்டுதாம்லே. கணக்கு வேண்டாமா?"ன்னார்.

ஒரு வழியா முடிச்சேன். கேட்டா, சே. எல்லாரும் ஒரே நொடியில வாயைத் திறக்கிறான், ஒரே நொடியில மூடுறான். ஒருத்தனும் மூச்சு வாங்கல. அஞ்சு நிமிஷப் பாட்டுல ஒருத்தருக்கும் எச்சில் ஊறல. ஐஸ் பெட்டிக்குள்ள வச்ச பிணம் எந்திரிச்சுப் பாடுன மாதிரி இருந்துச்சு.

செயலருக்கே தெரிஞ்சிருச்சு. "குரல் நல்லா இருக்குலே. ஆனா உயிர் இல்ல. கொஞ்சம் உயிரைப் போடு"ன்னார். உப்பைப் போடுங்கிற மாதிரி.

உயிரை எங்கே போய் எடுக்க? நான் அந்த ஒன்பது பேரோட ரெக்கார்டிங்கைத் திரும்ப எடுத்தேன். அழகா இருந்துச்சுன்னு இல்ல, எனக்கு வேற மாதிரி தெரியாது. பெரிம்மா எங்கெங்க முந்துறாளோ அங்கெல்லாம் ரெண்டாவது வரிசைப் பெண் குரலைக் கொஞ்சம் முந்த விட்டேன். அரைத் தாளம் இல்ல, அதுல பாதி. ஞானையா அண்ணாச்சி 'ம்ம்' போடுற இடத்துல அடித்தொண்டைக்கு ஒரு வால் விட்டேன். மூச்சு அவங்க மூச்சுதான். நெசமான மூச்சு. ரெக்கார்டிங்கிலிருந்து மூச்சை மட்டும் வெட்டி வெட்டி எடுத்து ஒட்டினேன். பாட்டைத் தூக்கிப் போட்டுட்டு மூச்சை எடுத்துக்கிட்டேன்.

மூணாவது சரணத்துல ஒரு உயர்ந்த இடம் வரும். 'நாதனே'ன்னு. அங்க முதல் பெண் குரலைக் கீழேயிருந்து வழுக்கி ஏத்தி, கடைசியில டக்குனு நிக்கிற மாதிரி ஒரு கோடு வரைஞ்சேன். சும்மாதான். அந்த இடம் மொட்டையா இருந்துச்சு. அந்தக் கோடு ஒண்ணுக்கு மூணு நாள் ஆச்சு. என்கிட்ட அம்மாவோட பழைய பாட்டு ஒண்ணு போன்ல இருந்துச்சு, ஆபரேஷனுக்கு முன்னால பதிஞ்சது. அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு அளவு எடுத்தேன். வேலைன்னா அளவு எடுத்துத்தானே செய்யணும்?

செயலர் கேட்டார். இந்தத் தடவை கண் கலங்கிருச்சு அவருக்கு. கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்"னார். கண்ணீரும் அதுவும் ஒரே மூச்சுல வருது சார்!

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வெஸ்ட்ரியில, அதான் கோயிலை ஒட்டின ரூம்ல, கொயரை உக்கார வச்சுப் போட்டுக் காட்டினார். நான்தான் ஸ்பீக்கரைத் தூக்கிட்டுப் போனேன். எனக்கு ஒரே சந்தோசம், மாட்டிக்கிட்டார்னு. இது நாங்க இல்லையே, இது யாருன்னு கேப்பாங்க, செயலர் மூஞ்சியைப் பாக்கணும்னு நின்னேன்.

பாட்டு ஓடுது. முதல் வரியிலேயே நவமணி பெரிம்மா ஞானையா அண்ணாச்சி தொடையில ஒரு அடி. "கேட்டீரா! நான்தான் எடுத்துக் கொடுக்கேன் பாத்துக்கிடும்!"

ஞானையா அண்ணாச்சி கையை உயர்த்தி, "சத்தம் போடாத, என் இடம் வருது"ன்னார். வந்துச்சு. 'ம்ம்'. அவர் கண்ணை மூடிக்கிட்டார்.

டெய்லர் சாமுவேல் அண்ணன் இருக்கார், கொயர்ல அவர் வாயே திறக்க மாட்டார், உயரமா இருக்கார்னு நிக்க வச்சிருக்காங்க. அவரும், "நான் கொஞ்சம் சத்தமாப் பாடிட்டனோ?"ங்கிறார்!

அறுபது பேர் குரல் சார். ஒன்பது பேர் பாடினா அறுபது பேர் குரல் எப்படி வரும்? ஒருத்தருக்கும் அந்தச் சந்தேகம் வரல. பெரிம்மா சொல்றா, "கம்ப்யூட்டர்ல அழுக்கெல்லாம் எடுத்துட்டா நம்ம குரலு இப்படித்தாம்லே இருக்கும்." மனுசன் தன் குரலைத் தானே தெரிஞ்சுக்க மாட்டானா? நம்ம மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தா தெரியாதா? எவ்வளவு கேவலம்.

மூணாவது சரணம் வந்துச்சு. 'நாதனே' வழுக்கி ஏறிச்சு. நின்னுச்சு.

எல்லாரும் திரும்பி அம்மாவைப் பாத்தாங்க.

அம்மா பாட்டைக் கேக்கிற மாதிரியே இல்ல. ஜன்னலைப் பாத்துக்கிட்டிருந்தா. கை மட்டும் கழுத்துக்குப் போயிருந்துச்சு, தழும்பு மேல. பெரிம்மாதான் முதல்ல கத்தினா. "ஏட்டி ரோசலின்! உன் குரலு வந்துட்டுட்டீ!" கட்டிப் பிடிச்சு அழுறா. மத்தவங்களும் சூழ்ந்துக்கிட்டாங்க.

நான் செயலரைப் பாத்தேன். இல்லன்னு சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். பையில இருந்த பேனாவைத் தடவினார். அப்புறம் கையை மேல தூக்கினார். "கர்த்தர் கிருபை! ரோசலின் குரலைத் திரும்பக் கொடுத்திருக்கார். ஸ்தோத்திரம்!" எல்லாரும் ஸ்தோத்திரம். கர்த்தரையே பொய்ச்சாட்சிக்கு இழுத்துட்டார் சார். நான் ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன். துப்பணும்னு இருந்துச்சு. கோயில் வளாகம், அதனால துப்பல.

அன்னைக்குச் சாயந்தரம் அம்மா முற்றத்துல உக்காந்து உள்ளி உரிச்சுக்கிட்டிருந்தா. நான் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருந்தேன். என்னைப் பாக்காமலே கேட்டா.

"ஏலே, அந்த நாதனே... அது நானாலே?"

"எது?"

"தெரியாத மாதிரிக் கேக்காத."

நான் செயினைச் சுத்தினேன். உள்ளித் தோலை ஊதிவிட்டுட்டு மறுபடி கேட்டா. "நான் அன்னைக்கு அப்படிப் பாடினேனா? எனக்குப் பாடின மாதிரி ஞாபகமே இல்ல."

"ஆமா. நீதான்."

பொய்தான். ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு நான் பொறுப்பு இல்ல சார். கையெல்லாம் எண்ணெய், அவ விடாமக் கேக்கிறா, ஒரு வார்த்தையில முடிச்சேன். ஆரம்பிச்சது செயலர். ஒவ்வொருத்தருக்கும் போய் நான் சாஃப்ட்வேரைப் பத்தி விளக்கிக்கிட்டிருக்க முடியுமா?

மறுநாள் காலைல அடுப்படிக் கதவைச் சாத்தல அவ. திறந்து வச்சுக்கிட்டே ஆ ஆ-ன்னு பழகினா. சத்தம் அதே பாத்திரம்தான். ஆனா தெருவே கேக்கிற மாதிரி பழகினா.

அங்கிப் பேச்சு அதோட நின்னுபோச்சு. இனி செயலர் எப்படிக் கேப்பார்? கர்த்தர் கொடுத்த குரலாச்சே. அதோட நிக்கல, பண்டிகை ஆராதனையில மூணாவது சரணம் ரோசலின் தனியா பாடணும்னு கொயரே முடிவு பண்ணிருச்சு. செயலர் தலையாட்டினார். அவருக்கு என்ன பயம், எப்படியும் பாட்டை ஸ்பீக்கர்ல போட்டுட்டு வாயசைக்க வைக்கப் போறார். கொயர்கிட்ட, "பேராயர் வாராவ, பிசிறு வரக்கூடாது. பதிஞ்ச டிராக் ஓடும். நீங்க கூடவே மெதுவா வாயசைச்சாப் போதும். உங்க குரல்தானே"ன்னார். எல்லாருக்கும் சம்மதம். கஷ்டப்படாம நல்லாப் பாடின பேர் கிடைக்கும்னா யாருக்குக் கசக்கும்?

நேத்து மைக் கட்டும்போது என்கிட்ட வந்து சொன்னார். "மைக் எல்லாம் முன்னால நிக்கட்டும். ஆனா ஒண்ணையும் திறந்துராத. பாட்டு முடியிற வரைக்கும் எல்லாம் மூடியே இருக்கணும். புரியுதா?" எதுக்குப் புரியாம?

இன்னைக்குக் காலைல அங்கி மாட்டிக்கிட்டு அம்மா நான் உக்காந்திருந்த இடத்துக்கு வந்தா. கோயில் பின்வாசல் பக்கம் ஒரு மேசை, அதுலதான் மிக்சர். மிக்சர்னா ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சறுக்குப் பொத்தான் இருக்கும். மேல தள்ளினா ஸ்பீக்கர்ல கேக்கும், கீழ இறக்கினா கேக்காது.

"எதுலே என் மைக்கு?"

காட்டினேன். நாலாவது.

"என்னால வாயசைக்கல்லாம் முடியாது. நான் பாடப்போறேன். என் இடம் வரும்போது டிராக்கை இறக்கிட்டு என் மைக்கை ஏத்துலே. ஊர் கேக்கட்டும்."

"செயலர் மூடச் சொல்லியிருக்கார்ம்மா."

"அவர் சொல்லுவார். நீ ஏத்து." சொல்லிட்டு என் சட்டைக் காலரைச் சரி பண்ணிட்டுப் போயிட்டா. காலர் சரியாத்தான் இருந்துச்சு.

என்ன சார்? ராதாபுரமா? இன்னும் வரல, அந்த வளைவு தாண்டணும்.

முடிஞ்சதைச் சொல்லிடறேன். பாட்டு பிரமாதம். பேராயர் எந்திரிச்சு நின்னு கை தட்டினார், கோயில்ல கை தட்டலாமான்னு தெரியாம எல்லாரும் தட்டினாங்க. செயலர் மூணு பேனாவும் குலுங்குற மாதிரி சிரிச்சார். அசனப் பந்தியில நவமணி பெரிம்மாவுக்கு எல்லாருக்கும் முன்னால சோறு விழுந்துச்சு, அது வழக்கம்தான். ஒரு பத்திருபது பேர் வந்து அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "என்ன குரலு ரோசலின், என்ன குரலு!" எலும்பை மென்னுட்டு எந்திரிச்சுட்டேன். இப்படியும் ஒரு ஊர் இருக்குமா? எண்ணூறு பேர் வாயையும் வயித்தையும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, ஒரு ஆளுக்குக் காது இல்ல.

கை கழுவுற இடத்துல அம்மா வந்தா. யாரும் இல்லாதப்ப பாத்து வந்தா. சத்தத்தைக் குறைச்சுக் கேட்டா.

"கேட்டுச்சாலே?"

"கேட்டுச்சும்மா."

என் முகத்தையே பாத்தா. அப்புறம், "சரி"ன்னா. இந்த வாளியை எடுத்துக் குழம்பு ஊத்தி, நல்ல துண்டா நாலு போட்டு, "சித்தி வீட்டுக்குக் கொண்டு போ. அவளுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டு"ன்னா. நான் கிளம்பும்போது மறுபடி கூப்பிட்டா. "என் குரல்னெல்லாம் சொல்ல வேண்டாம்லே. சும்மா பாட்டைப் போட்டுக் காட்டு, போதும்." ஏன் அப்படிச் சொன்னான்னு தெரியல. அவளுக்குப் பெருமையடிக்கப் பிடிக்காது, அதுவா இருக்கும்.

நீங்க கேக்கிறது புரியுது சார். அந்த மூணாவது சரணம் என்னாச்சுன்னுதானே? இவ்வளவு சொல்லிட்டு அதைச் சொல்லாம விட்டா நானும் செயலரும் ஒண்ணாயிருவோம்.

டிராக்கை நான்தான் போட்டேன். ரெண்டு சரணம் எட்டு பேரும் நல்லா வாயசைச்சாங்க. அது பின்வாசல்லேயிருந்தே தெரியும், கழுத்துல ஒண்ணும் நடக்காது. மூணாவது வந்துச்சு. அம்மா ஒரு அடி முன்னால வந்தா. பேராயரைப் பாக்கல, ஊரைப் பாக்கல, நேரா என்னைப் பாத்தா. வாயத் திறந்தா. தழும்புக்கு மேல ரெண்டு நரம்பும் கயிறு மாதிரி நின்னுச்சு. பாடினா சார். அந்தக் கோயில்ல நெசமாப் பாடினது ஒரே ஒரு ஆள்.

ஸ்பீக்கர்ல அறுபது பேர் இடிக்கிறாங்க. அவ சத்தம் முதல் பெஞ்சுக்கே வராது. மிக்சர்ல இன்னொரு பட்டன் உண்டு. அதை அமுக்கினா ஒரே ஒரு மைக் மட்டும் நம்ம ஹெட்போன்ல தனியா கேக்கும், வெளிய கேக்காது. நாலாவதை அமுக்கினேன்.

கேட்டுச்சு. அதான் சொன்னேன், அம்மாகிட்ட நான் சொன்னது பொய் இல்ல. எனக்குக் கேட்டுச்சு. பாத்திரம்தான், சிமெண்ட் தரைதான். கீறல் கீறலா வந்துச்சு. ரெண்டு இடத்துல சத்தமே இல்ல, வெறும் காத்து. ஆனா 'நாதனே'க்குக் கீழேயிருந்து வழுக்கி ஏறினா. சரியாப் போய் நின்னா. நின்ன இடத்துல நான் வரைஞ்ச கோடு சீக்கிரம் முடிஞ்சிருச்சு, அவ இன்னும் நின்னுக்கிட்டிருந்தா. மூணு நாள் உக்காந்து அளவு எடுத்து, தப்பா வரைஞ்சிருக்கேன்.

என் விரல் அந்த நாலாவது பொத்தான் மேலதான் இருந்துச்சு. ஒரு தள்ளு. அவ்வளவுதான் வேலை. அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா.

ஏத்துலேன்னு சொன்னா. நான் ஏத்தல.